மதமற்றவன் எங்கே நிற்பது?

பகத்சிங் 1930-ல் லாகூர் சிறையில் எழுதிய நாத்திகக் கட்டுரையைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் பூதப்பாண்டிக்காரர் ஜீவா. அதற்காகக் கைதும் ஆனார். மதம் ஒழிந்தால் மனிதகுலம் உருப்படுமா என்ற கேள்விக்கு நாஞ்சில் நாட்டில் இப்படி ஒரு பூர்வீகம் உண்டு. நம் மேடைகளில் அது கேட்கப்படும் விதம்தான் அலுப்பூட்டுகிறது. சிலுவைப்போர், 1947, 1992 எல்லாம் ஒரு தட்டில்; பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, அன்னதானம் மறு தட்டில். மதம் என்பது நிறுத்துப் பார்க்கத்தக்க ஒரே சரக்கு என்று பேச்சு ஆரம்பிக்கும் முன்பே முடிவாகிவிடுகிறது. எனக்கு அந்த முடிவோடுதான் பிணக்கு. (கோயிலுக்கும் வேதக்கோயிலுக்கும் போகாதவன் நான். பக்தனின் வக்காலத்தாக இதை வாசிக்க வேண்டாம்.)

1750-ல் மார்த்தாண்ட வர்மா நாட்டைப் பத்மநாபசாமிக்கு எழுதிவைத்தார். பிறகு சாமியின் தாசனாக நின்று ஆண்டார். அப்புறம் அரசை எதிர்ப்பது சாமியை எதிர்ப்பதாகிவிட்டது. தலைவரி, ஊழியம், எந்தத் தெருவில் யார் நடக்கலாம், எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும், எந்தப் பெண் மார்பை மூடலாம் என்பதெல்லாம் தர்மம் என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கின. திருச்சபையோடு மல்லுக்கட்டி வளர்ந்த ஐரோப்பிய நாத்திகத்தைக் கொண்டுவந்து இதன்மேல் ஒட்டினால் பசை பிடிக்காது. இங்கே சாதியையும் அரசையும் தொடாமல் சாமியை மட்டும் தனியே உருவி எடுக்க வழியில்லை.

இந்தக் கட்டை முதலில் அசைத்தவர்கள் யார் என்று பார்த்தால் தோழர்களுக்குக் கொஞ்சம் சங்கடமாக இருக்கும். ஒரு பக்கம் மயிலாடி வேதமாணிக்கமும், 1806-ல் திருவிதாங்கூர் வந்த மிஷனரி ரிங்கல்தௌபேயும். இன்னொரு பக்கம் சாமித்தோப்பு முத்துக்குட்டி. 1809-ல் பிறந்த பிள்ளைக்கு முடிசூடும் பெருமாள் என்று பெற்றோர் பெயர் வைத்தார்களாம். சாணாப் பிள்ளைக்கு முடி என்ன முடி என்று மேல்சாதிக்காரர்கள் ஆட்சேபிக்க, முத்துக்குட்டி ஆக்கினார்களாம். அந்த மனிதர் 1833-ல் திருச்செந்தூர்க் கடலிலிருந்து வைகுண்டராகத் திரும்பி வந்து, ஆண்கள் எல்லாரும் தலைப்பாகை கட்டித்தான் பதிக்குள் வரவேண்டும் என்று வைத்தார். மறுக்கப்பட்ட முடியை ஊருக்கே சூட்டிவிட்டார். கருவறையில் சிலைக்குப் பதில் கண்ணாடி. கும்பிடப் போனவன் தலைப்பாகையோடு தன்னையே பார்க்கிறான். முத்திரிக்கிணற்றில் எல்லாச் சாதியும் ஒன்றாகக் குளித்தது, ஒன்றாகத் தண்ணீர் குடித்தது. சுவாதித் திருநாள் அரசு அவரைப் பிடித்துத் திருவனந்தபுரத்தில் சிறைவைத்தது. வெறும் பக்திக்காகவா ஓர் அரசன் இவ்வளவு பதறுவான்? தலைகுனிந்தே நடந்து பழகியவனிடம் கடவுள் இல்லை என்று சொல்வதைவிடக் கண்ணாடியைக் காட்டுவது எத்தனையோ மடங்கு வெடிமருந்து. நம் பகுத்தறிவு விமர்சனத்தில் இந்தக் கண்ணாடியை வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைவு.

சரி, மதம் விடுதலை தந்தது என்று சொல்லிவிட்டுப் போய்விடலாமா? அதுவும் முடியாது. 1829-ல் அரசு போட்ட உத்தரவைப் பாருங்கள். வேதத்தில் சேர்ந்த பெண்களுக்குக் குப்பாயம் உண்டு, தோள்சீலை கிடையாது. சேராதவர்களுக்கு இரண்டுமே இல்லை. மார்பை மூடும் உரிமை மதத்தின் வாசலில் வைத்து வழங்கப்பட்டது. 1859 பிரகடனம்தான் எல்லாச் சாணாத்திகளும் மூடலாம் என்றது. அதிலும் ஒரு வால்: கிறிஸ்தவச் சாணாத்திகளைப்போல் குப்பாயம் போடலாம், முக்குவத்திகளைப்போல் முரட்டுத்துணி சுற்றலாம், வேறு எப்படி வேண்டுமானாலும் மூடலாம், ஆனால் உயர்சாதிப் பெண்களைப்போல் மட்டும் கூடாது.

முக்குவத்திகளைப்போல்! கரையோரப் பெண்ணின் துணி இந்தப் பிரதியில் ஓர் அளவுகோலாகிறது, மேலே போகாதே என்று காட்டுகிற அளவுகோல். முக்குவரோ சவேரியார் காலத்திலேயே, 1540களில், ஞானஸ்நானம் பெற்றவர்கள். முந்நூறு வருஷக் கிறிஸ்தவம் அவர்களை அந்தப் படியிலிருந்து இறக்கவுமில்லை, ஏற்றவுமில்லை.

123 வருஷம் கழித்து, 1982 மார்ச் 1-ல், மண்டைக்காட்டு அம்மன் கொடையில் கடற்கரைக் கத்தோலிக்கரும் உள்நாட்டு இந்துக்களும் மோதினார்கள். போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின, கலவரம் ஊர் ஊராகப் பரவியது. நீதிபதி வேணுகோபால் ஆணையம் வந்தது. குன்றக்குடி அடிகளார் சமாதானம் பேச வந்தார். மதத்தை ஒழிக்கச் சொல்பவர்களுக்கு இதைவிட வலுவான சாட்சி வேண்டாம். கோயிலும் சர்ச்சும் இல்லாமல் இருந்தால் இத்தனை பேர் இத்தனை சீக்கிரம் இரண்டு பக்கமாகத் திரண்டிருக்க மாட்டார்கள். அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெட்டு விழுந்த கோடு எது? கரைக்கும் உள்நாட்டுக்கும் நடுவே 1859 உத்தரவிலேயே இருக்கிற அதே கோடு. வேதாகமத்துக்கும் அம்மனுக்கும் அங்கே தர்க்கம் ஒன்றும் நடக்கவில்லை. நிலம், படிப்பு, உத்தியோகம் என்று முன்னேறிய ஒரு சமூகமும், கடலைத் தவிர வேறெதுவும் வாய்க்காத இன்னொரு சமூகமும் எதிரெதிரே நின்றன. சாமியை எடுத்துவிட்டாலும் அந்தக் கோடு கிடக்கும். வேறு கொடி வந்து அதன்மேல் நடப்படும்.

நம்ம ஊர்ப் பெரியவர்கள் நாத்திகனிடம் ஒன்று கேட்பார்கள்: “எல்லாம் செரிதான் ஓய், நாளைக்கு நீரு செத்தா எங்க கொண்டு போடுகது?” கிண்டல்தான், ஆனால் கேள்வி பெரிது. 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்தபோது தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் பக்கம் யார் கடலுக்குப் போனார்கள், யார் திரும்பவில்லை என்ற கணக்கு பங்குக் கோயில்களில் இருந்தது. அரசிடம் இருந்த கணக்கு பொருந்தவில்லை. குழித்துறை ரயில் நிலையத்தை ஆயிரக்கணக்கில் மறித்தவர்கள் பங்கு பங்காகத் திரண்டு வந்தவர்கள். இந்த வேலையைச் செய்ய நம்மிடம் என்ன இருக்கிறது? பாசறையும் பத்திரிகையும்.

நாம் கட்டியெழுப்பிய ஒன்றே ஒன்று உண்டு: சுயமரியாதைத் திருமணம். அண்ணா ஆட்சி 1967-ல் அதற்குச் சட்டம் கொண்டுவந்தது. எந்தச் சட்டத்துக்குள்? இந்து திருமணச் சட்டத்துக்குள், இரண்டு இந்துக்களுக்கு நடுவில். புரோகிதன் வேண்டாம் என்று மாலை மாற்றுகிறவர்களைச் சட்டம் இந்துக்களாகவே பார்க்கிறது. 2011 கணக்குப்படி இந்து 48.65, கிறிஸ்தவர் 46.85 சதவீதம் உள்ள இந்த மாவட்டத்தில், சாமி கும்பிடாத முக்குவப் பையனும் சாமி கும்பிடாத நாடார்ப் பெண்ணும் மதம் மாறாமல் கட்டிக்கொள்ள அந்தக் கதவு திறக்காது. அவர்களுக்கு 1954-ன் தனித் திருமணச் சட்டம்தான். முப்பது நாள் நோட்டீஸ். பேரும் விலாசமும் அலுவலகத்தில் எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் ஒட்டப்படும். இரண்டு பக்கத்துக்காரர்களும் வந்து வாசிக்கலாம், போன் பண்ணலாம், ஆள் திரட்டலாம்.

மனிதகுலத்தைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் தோழர்களே. அந்த நோட்டீஸை எடுக்கச் சொல்லி ஒரு மனுவாவது நாம் போட்டிருக்கிறோமா?