நடத்துபவர் ஒருவர், மதிப்பிடுபவர் வேறொருவர்

ஃபிலடெல்ஃபியாவுக்கு அருகில் இருக்கும் ஸ்வார்த்மோர் கல்லூரியில், ஒரு மாணவருக்கு எந்த நிலை ஹானர்ஸ் (சிறப்புத் தகுதி) என்று முடிவு செய்வது அவருக்குப் பாடம் நடத்தியவர் அல்லர். நான்காம் ஆண்டு முடியும் மே மாதத்தில் பிற பல்கலைக்கழகங்களின் அறிஞர்கள் அந்த வேலையைச் செய்கிறார்கள். எழுத்துத் தேர்வுக்குக் கேள்வி அமைப்பவர்கள் அவர்களே. பிறகு மாணவரை எதிரே அமர்த்தி வாய்மொழியாகவும் துருவுகிறார்கள். நம்மூரில் முனைவர் பட்டத்துக்கு இப்படி ஒரு வாய்மொழித் தேர்வு உண்டு. அங்கே இளநிலை மாணவர் அதைச் சந்திக்கிறார்.

ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டில் படித்த ஃபிராங்க் ஐடலாட் 1921இல் கல்லூரித் தலைவரானார். 1922இல் இந்த ஹானர்ஸ் திட்டத்தைத் தொடங்கினார். விரைந்து கற்பவரையும் சராசரி நடைக்கே கட்டிப்போடுகிறார்கள் என்பது அமெரிக்கக் கல்லூரிகள்மீது அவருக்கிருந்த குறை. 1944இல் அதைப் பற்றித் தனி நூலே எழுதினார்.

இத்திட்டத்தின் உயிர் செமினார் அறையில் இருக்கிறது. வாரம் ஒருமுறை, ஒரு மேசையைச் சுற்றி ஏழெட்டுப் பேர், பல மணி நேரம். மாணவர் எழுதிய கட்டுரைதான் அன்றைய பாடம். மற்றவர்கள் அதை முன்பே படித்துவிட்டு வருகிறார்கள். ஆசிரியருக்குப் பிடித்த கருத்தை ஒப்பித்துத் தப்பிக்க அங்கே வழியில்லை. மே மாதம் வரப்போகிறவர் அதற்கு நேர் எதிரான கருத்துடையவராக இருக்கலாம் அல்லவா? எனவே ஆசிரியரும் மாணவரும் ஒரே பக்கம் நின்று தயாராகிறார்கள். இளநிலைக் கல்வியில் இதைவிட நேர்மையான உறவை நான் அறியேன். செமினாருக்குரிய மதிப்பெண்ணை இப்போது ஆசிரியரே இடுவதால் அந்த உறவு சற்று நீர்த்திருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும்.

செலவு பெரிது. ஏழெட்டுப் பேருக்கு ஒரு பேராசிரியர் என்பது, பெரும் நிதி உள்ள சிறு கல்லூரிக்கே கட்டுப்படியாகும்.

எனக்கு உறுத்தும் குறை வேறு. இத்தேர்வுக்கென மாணவர் எடுக்கும் பாடப்பகுதிகளில் பெரும்பாலானவை முதன்மைத் துறையில், மீதி துணைத் துறையில். உயிரியலை முதன்மையாகவும் மெய்யியலைத் துணையாகவும் எடுத்த ஒருவரை நினைத்துப் பாருங்கள். மரபணுவைத் திருத்தும் உரிமை யாருக்கு என்ற கேள்விக்காகவே அவர் இவ்விரண்டையும் சேர்த்துப் படித்திருக்கக்கூடும். உயிரியல் தேர்வாளர் உயிரணுவைக் கேட்பார். மெய்யியல் தேர்வாளர் கான்ட்டைக் கேட்பார். இரண்டும் சந்திக்கும் இடத்தைக் கேட்பது எவருடைய கடமையும் இல்லை. பல்துறைக் கல்வியின் மிகக் கடினமான பகுதி இந்த இணைப்புதான். அதை மாணவர் தனியாகச் செய்கிறார். செய்ததற்கு மதிப்பீடும் இல்லாமல் போகிறது.

புதிய துறை எதையும் தொடங்காமலே இதைச் சரிசெய்யலாம். இரு துறைகளின் தேர்வாளர்களும் அதே மே மாதத்தில்தான் வருகிறார்கள். வாய்மொழித் தேர்வுகளில் ஒன்றையேனும் அவர்கள் சேர்ந்தமர்ந்து நடத்தட்டும்.