நடுவில் அவன் தடுமாறவில்லை

பாலையூற்றுப் பெடியனின் கணினி இசையைக் கேட்டவர்கள் எல்லோரும் ஒரே இடத்தைத்தான் பிழை என்கிறார்கள். சுருங்கிக்கொண்டே வந்த சுரக்கோவை இரண்டு அட்சரத்தில் ஒடுங்குகிறது. அதே இரண்டு திரும்பவும் ஒலிக்கிறது. பிறகு, கண்ணாடியில் தெரிவதுபோல, வந்த வழியே திரும்பி விரிகிறது. "அந்த இடத்தில் கொம்பியூட்டர் சிக்கிவிட்டது" என்று தேநீர்க்கடையில் தீர்ப்பும் சொல்லியாகிவிட்டது. நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். அவன் எடுத்த முடிவுகளில் ஆகச் சிறந்தது அதுதான்.

விரல்விட்டு எண்ணுங்கள். 8, 6, 4, 2. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் 2, 4, 6, 8. கூட்டினால் 40, ஆதி தாளத்தில் சரியாக 5 ஆவர்த்தனம். குறை சொல்பவர்களின் விருப்பப்படி நடு இரண்டை ஒரு தரம் மட்டும் வைத்திருந்தால் 38. தாளம் மறுபடி தொடங்கும் சமத்துக்கு இரண்டு அட்சரம் இருக்கும்போதே கோவை தீர்ந்து, அவன் வெறுங்கையோடு நின்றிருப்பான். எந்தப் பக்கமிருந்து வாசித்தாலும் ஒன்றான விகடகவி என்ற சொல்லுக்கு நடுவில் ஒரு 'ட' போதும், அதற்குத் தாளம் இல்லை. இவனுக்குத் தாளம் இருக்கிறது.

தவில்காரர்களுக்கு இது பழகிய வழி. உடுக்கைபோல அகன்று, ஒடுங்கி, மறுபடி அகல்வது டமரு யதி. ஒடுக்கத்தில் தொடங்கி நடுவில் பருப்பது மிருதங்க யதி. திருவிழாவில் தவிலில் கேட்டால் தலையாட்டுகிறோம், மடிக்கணினியில் கேட்டால் இயந்திரம் என்கிறோம். பெரிய அநியாயம் இது. நம் கோணேசரைச் சம்பந்தர் பாடிய பதிகம் இருக்கும் அதே மூன்றாம் திருமுறையில்தான் அவருடைய மாலைமாற்றுப் பதிகமும் இருக்கிறது. எந்தப் பாட்டையும் கடைசி எழுத்திலிருந்து திருப்பி வாசியுங்கள், அதே பாட்டு வரும். அவரை யாராவது இயந்திரம் என்றார்களா?

"ரிவர்ஸ் போட்டுவிட்டான்" என்பது அடுத்த குற்றச்சாட்டு. ஒலியைத் திருப்பினால் ஒவ்வொரு சுரமும் வாலில் தொடங்கி வீங்கி, தலையில் சட்டென்று அறுந்துபோகும். இவனுடைய இரண்டாம் பாதியில் ஒவ்வொரு சுரமும் புதிதாகத் தட்டப்பட்டுத்தான் பிறக்கிறது. அவன் திருப்பியது சுரங்களின் வரிசையை.

அவன் மாயாமாளவகௌளை ராகத்தை எடுத்ததும் தற்செயல் அல்ல. வரிசையைத் திருப்புவது ஒரு கண்ணாடி, ஏற்ற இறக்கத்தைப் புரட்டுவது இன்னொன்று. சட்ஜத்தை அச்சாக வைத்து மேலே போவதைக் கீழேயும் கீழே போவதை மேலேயும் புரட்டினால் சங்கராபரணம் தோடியாகிவிடும், மோகனம் இந்தோளமாகிவிடும். மாயாமாளவகௌளையோ புரட்டினாலும் மாயாமாளவகௌளைதான். கரகரப்பிரியாவும் மத்தியமாவதியும்கூட அப்படித்தான், ஆனால் சரளிவரிசை படித்த எந்தக் குழந்தைக்கும் முதலில் காதில் ஏறியது மாயாமாளவகௌளை. கேட்பவருக்குப் பழகிய தரையில் நின்று கண்ணாடியைத் தூக்கிக் காட்டியிருக்கிறான். முதல் ஆட்டத்துக்கு அந்த நிதானம் வேண்டும்.

இனி அந்தத் தரையை விட்டு இறங்குவான். சங்கராபரணத்தில் தொடங்கி, நடுவைக் கடந்ததும் தோடியில் நிற்பான். அன்றைக்குக் கூட்டம் எழுந்து நிற்கும். அதைப் பார்த்து நாலு பேர் தலைகீழாக்கும் பொத்தானை அமத்திப் பழகுவார்கள். தாளத்தை எண்ணாதவர்கள் சமத்தில் மாட்டுவார்கள். இவன் அதற்குள் ஒற்றைப்படைக்குப் போயிருப்பான்: 7, 5, 3, 1. நடுவில் ஒரே ஓர் அட்சரம், அடுத்தடுத்து இரண்டு தரம் விழும். கொம்பியூட்டர் மறுபடி சிக்கிவிட்டது என்று கடையில் யாராவது தொடங்குவார்கள். நீங்கள் எண்ணிக்கொண்டே இருங்கள், 32 வரும்.