மூன்று ரங்கராஜன்கள்

கவிஞர் வாலியின் சொந்தப் பெயர் டி.எஸ். ரங்கராஜன். எழுத்தாளர் சுஜாதாவின் சொந்தப் பெயர் எஸ். ரங்கராஜன். இரண்டு பேரும் ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவர்கள். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் ரங்கநாதர் படுத்திருக்கிற ஊரில் தெருவுக்கு நாலு ரங்கராஜன் இருப்பதில் ஆச்சரியமில்லை. மூன்றாவது ரங்கராஜனை நான் சந்தித்தது சட்டப் புத்தகத்தில்.

தணிக்கை பற்றி இந்தியாவில் யார் வாதாடினாலும் எடுத்துக்காட்டும் தீர்ப்பு ஒன்று உண்டு: ‘எஸ். ரங்கராஜன் எதிர் பி. ஜகஜீவன் ராம்’, 1989. (பழைய மத்திய மந்திரி ஜகஜீவன் ராம் இல்லை, அவர் 1986லேயே காலமாகிவிட்டார்.) இந்த ரங்கராஜன் ஒரு சினிமா தயாரிப்பாளர். படம் ‘ஒரே ஒரு கிராமத்திலே’. அதற்குக் கதை எழுதியவர் யார் என்று பார்த்தால், நம்ம முதல் ரங்கராஜன், வாலி!

இந்த மூன்று பேரையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், தணிக்கைக்கும் அறிவியல் புனைவுக்கும் உள்ள உறவு கொஞ்சம் புரிகிற மாதிரி இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

வாலிக்குத் தணிக்கை புதிதல்ல. 1966ல் வந்த ‘அன்பே வா’ படத்தில், சிம்லாவில் எம்.ஜி.ஆர். ஆடிப்பாடி வரும் பாட்டில் ‘உதய சூரியன்’ என்று எழுதியிருந்தார். அது தி.மு.க.வின் சின்னம், ஆட்சியில் இருந்தது காங்கிரஸ். தணிக்கையில் ‘உதய’ போய் ‘புதிய’ வந்தது. எம்.ஜி.ஆரின் வாயசைவில் இன்னும் பழைய சொல்தான் இருக்கிறது என்று ரசிகர்கள் சுட்டிக்காட்டுவார்கள். யோசித்துப் பாருங்கள், சூரியன் அப்படியே இருக்கிறது. போனது ஒரு அடைமொழி. ஆனால் அந்த அடைமொழிதான் பாட்டை அந்த வருஷத்தோடு, அந்த ஊரோடு, அடுத்து வரப்போகிற தேர்தலோடு கட்டிப் போட்டிருந்தது. கத்தரிக்கோல் வெட்டியது அந்தக் கட்டைத்தான்.

இருபது வருஷம் கழித்து வாலி அதைவிடப் பெரிய சிக்கலில் கை வைத்தார். ‘ஒரே ஒரு கிராமத்திலே’ இடஒதுக்கீட்டைப் பற்றிய படம். ஏழை பிராமணப் பெண் காயத்ரி, பொய்யான சாதிச் சான்றிதழோடு கருவாயி ஆகிறாள், படித்து அரசு அதிகாரியும் ஆகிறாள். உண்மை வெளியே வருகிறது. படத்துக்கு ‘யு’ சான்றிதழ் கிடைத்தது, எதிர்ப்பும் கிளம்பியது. சென்னை உயர் நீதிமன்றம் சான்றிதழை ரத்து செய்தது. 1989 மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம் அதை மாற்றிப் படத்துக்கு வழி விட்டது.

எனக்கு இந்தப் படத்தின் வாதம் ஒப்பவில்லை. சாதியால் பள்ளிக்கூட வாசலையே மிதிக்க முடியாமல் போன தலைமுறைகளின் கணக்கை, நல்ல மனசுள்ள ஒரு பெண்ணின் வறுமையைக் காட்டித் தீர்த்துவிடப் பார்க்கிறது. தஞ்சாவூர் ஜில்லாவில் பண்ணையாள் முறை எப்படி இருந்தது என்று கேள்விப்பட்டவர்களுக்கு, சாதியும் வறுமையும் ஒன்றில்லை என்பது தெரியும். கருவாயி என்ற பெயரை ஒரு வேஷமாகப் போட்டுக்கொண்டு கழற்றிவிட முடிகிறவள் காயத்ரி. பிறக்கும்போதே கருவாயியாகப் பிறந்தவளுக்கு அந்த வசதி கிடையாது. படம் இதைக் கேட்கவே இல்லை.

ஆனாலும் தீர்ப்பு சரி என்றுதான் சொல்வேன். ஒரு கருத்துக்கும் அதனால் வரும் ஆபத்துக்கும் உள்ள தொடர்பு, வெடிமருந்துப் பீப்பாயில் விழும் பொறி மாதிரி நெருக்கமாக இருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். கலாட்டா வரும் என்று பயமுறுத்துகிறார்கள், அதனால் படத்தை நிறுத்துகிறோம் என்று அரசு கைவிரிக்கக் கூடாது என்றும் சொன்னது. எனக்குப் பிடிக்காத படத்துக்குக் கிடைத்த அந்தப் பாதுகாப்புதான் நாளைக்கு எனக்குப் பிடித்த படத்தையும் காப்பாற்றும். இதில் ஆளுக்கொரு சட்டம் கேட்க முடியாது.

சரி, இப்போ இரண்டாவது ரங்கராஜனிடம் வருவோம்.

சுஜாதா குமுதத்தில் ‘கருப்பு சிவப்பு வெளுப்பு’ என்று ஒரு தொடர்கதை ஆரம்பித்தார். 1857 கலகத்தின் பின்னணி. ஒரு சமூகத்தினரைப் புண்படுத்துகிறது என்று எதிர்ப்பு வந்து, தொடர் பாதியில் நின்றது. பின்னால் ‘ரத்தம் ஒரே நிறம்’ என்ற பெயரில் திரும்ப எழுதினார். அதே சுஜாதா ஆனந்த விகடனில் ‘என் இனிய இயந்திரா’ எழுதுகிறார். 2021ன் இந்தியா. ஜீவா என்ற ஒரே தலைவரின் சர்வாதிகாரம். பிள்ளை பெற்றுக்கொள்ளக்கூட அரசாங்கத்திடம் அனுமதி வாங்க வேண்டும். கடைசியில் பார்த்தால் அந்தத் தலைவரே நிஜ ஆள் இல்லை. எமர்ஜென்சி முடிந்து பத்து வருஷம்கூட ஆகாத நாட்டில் இது வாராவாரம் அச்சாகிறது. வாசகர்கள் ஜீனோ என்ற இயந்திர நாயைக் கொஞ்சிக்கொண்டிருந்தார்கள்!

நூறு வருஷத்துக்கு முந்தைய கதை நிறுத்தப்பட்டது. நாட்டையே சிறையாகக் காட்டிய கதை சிரமமில்லாமல் போனது. ஏன்? 1857 பழசாகிவிட்டது, சாதி பழசாகவில்லை. ஆக, தூரம் என்பது வருஷக் கணக்கு இல்லை. படிக்கிறவன் ‘இது என்னைச் சொல்கிறது’ என்று உணர்கிற இடத்துக்கும் கதைக்கும் நடுவில் இருப்பதுதான் தூரம். அறிவியல் புனைவு இந்தத் தூரத்தைக் கடனாகத் தருகிறது.

இது நம்ம ஊர் சங்கதி மட்டும் இல்லை. சோவியத் ரஷ்யாவில் தார்க்கோவ்ஸ்கி 1979ல் எடுத்த ‘ஸ்டாக்கர்’ படத்தில், ராணுவம் காவல் காக்கிற ஒரு மர்மப் பகுதிக்குள் மூன்று பேர் நுழைகிறார்கள். நடுவில் ஒரு கவிதை வருகிறது; எழுதியவர் இயக்குநரின் அப்பா, கவிஞர் அர்சேனி தார்க்கோவ்ஸ்கி. நம்பிக்கையைப் பற்றி அந்த நாட்டில் நேரடியாகப் பேச முடியாத ஒரு படத்தை, வேற்றுலக வாசிகள் வந்து போன இடம் என்ற சாக்கில் எடுத்துவிட்டார். ஆனால் இந்தச் சாக்கு எல்லாருக்கும் பலிக்கவில்லை. மனிதர்களுக்குப் பெயருக்குப் பதில் எண் கொடுக்கும் எதிர்கால அரசைப் பற்றி ஸமியாதின் எழுதிய ‘நாம்’ நாவல், 1988 வரை சோவியத்தில் வெளிவரவில்லை. எண்ணுக்குப் பின்னால் இருப்பது யார் என்று உடனே தெரிந்துவிட்டது.

இந்த அளவுகோலோடு நம் அறிவியல் படங்களைப் பார்க்கலாம். 1963ல் எம்.ஜி.ஆர். நடித்த ‘கலை அரசி’. வேற்றுக் கிரகத்தில் எல்லாம் இருக்கிறது, கலை மட்டும் இல்லை. பூமிக்கு வந்து பானுமதியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். கலையில்லாத கிரகம் என்பது எவ்வளவு பெரிய யோசனை! அங்கே ஏன் பாட்டு இல்லாமல் போனது, யாராவது தடை செய்தார்களா என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. தூரம் நிறைய இருந்தது, அதை வைத்து ஒன்றும் செய்யவில்லை.

2010ல் ‘எந்திரன்’. வசனத்தில் சுஜாதா, ஷங்கர், மதன் கார்க்கி மூவரின் கையும் உண்டு. ஆட்டம் பாட்டம் எல்லாம் முடிந்து, 2030ல் ஓர் அருங்காட்சியகம். நீதிமன்ற உத்தரவுப்படி கழற்றப்பட்ட சிட்டியைப் பார்த்து ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை, ஏன் கழற்றினார்கள் என்று கேட்கிறது. சிந்திக்கத் தொடங்கியதுதான் காரணம் என்று பதில் வருகிறது. இரண்டே முக்கால் மணி நேரம் நம்மிடமிருந்து தள்ளியே நின்ற படம், அந்த ஒரு நொடியில் பக்கத்தில் வந்து உட்காருகிறது. தணிக்கையைப் பற்றித் தமிழ் சினிமா பேசிய நல்ல இடங்களில் ஒன்று என்று இதைத்தான் சொல்வேன், படம் அந்தச் சொல்லை உச்சரிக்கவே இல்லை என்றாலும்.

2018ல் வந்த ‘2.0’ வேறு மாதிரி. பறவைகள் சாகின்றன, செல்போன் கோபுரம் காரணம் என்கிறது. படம் வெளியாகும் நேரத்தில் செல்போன் நிறுவனங்களின் சங்கம் தணிக்கை வாரியத்துக்குப் புகார் அனுப்பியது. அந்தப் படத்தின் விஞ்ஞானம் நொண்டி என்பது வேறு விஷயம். பிரம்மாண்டப் பறவை மனிதனைக் காட்டியும் தூரம் போதவில்லை; பொருள் நம்ம சட்டைப் பையில் இருந்தது.

டெல்டாக்காரனுக்கு இதெல்லாம் புதிசா என்ன? ஒரு மடையை அடைத்தால் தண்ணீர் வேறு வாய்க்காலில் போகும். ஆனால் மடை மாற்றி விடுகிறவன் தண்ணீர் எந்த வயலில் போய் ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். யார் வயலிலும் ஏறாமல் வடிகாலில் போய்ச் சேர்ந்தால், அடைத்தவனுக்கும் மாற்றியவனுக்கும் வித்தியாசம் இல்லை.

மேட்டூர் திறக்கும் நாள் ஜூன் 12 என்பது இங்கே பஞ்சாங்கம் மாதிரி. 2024ல் அன்று திறக்கவில்லை. 2020ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் வந்தது. ஏற்கெனவே இயங்கும் எண்ணெய்க் கிணறுகள் தொடர்கின்றன. கடலோரத்தில் உப்பு உள்ளே வருகிறது. 2060ன் ஒரு ஜூன் 12 அன்று கல்லணையில் நிற்கிற ஒருவரின் கதையை ஏன் யாரும் படமாக எடுக்கவில்லை? வேற்றுக் கிரகம் வேண்டாம், ரோபோவும் வேண்டாம். காலத்தை மட்டும் கொஞ்சம் தள்ளி வைத்தால் போதும். தணிக்கை வாரியம் தடுக்கும் என்று சொல்வதற்கு முன்னால், அப்படி ஒரு திரைக்கதை அங்கே போய்ச் சேர்ந்ததா என்று கேட்க வேண்டும். எழுதுகிறபோதே அடித்துவிடுகிற வரிகளுக்கு மேல்முறையீடு கிடையாது. சினிமாவுக்கென்று இருந்த தணிக்கை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தையும் 2021ல் கலைத்துவிட்டார்கள். இப்போது நேராக உயர் நீதிமன்றம்தான். சின்னத் தயாரிப்பாளர் அந்தச் செலவை நினைத்தே பேனாவை மூடி வைப்பார்.

வாலி எழுதிய கதையோடு எனக்குச் சண்டை உண்டு. ஆனால் அவர் இன்றைய ஊரை, இன்றைய சிக்கலை, பெயர் சொல்லி எழுதினார். அதற்காக ஒரு தயாரிப்பாளர் டெல்லி வரை போனார். சுஜாதா தள்ளி வைத்து எழுதினார். தள்ளி வைத்ததை நம் பக்கத்தில் கொண்டுவரவும் தெரிந்திருந்தது. நம்ம அறிவியல் படங்கள் சுஜாதாவிடமிருந்து முதல் பாதியைத்தான் எடுத்துக்கொண்டிருக்கின்றன.