சம்பா பள்ளிகள்: கொட்டும் கொடியும்

ரியோ டி ஜெனிரோ கார்னிவல் என்றதும் நம் பத்திரிகைகள் இறகுக் கிரீடம் வைத்த ஒரு படத்தைப் போட்டு முடித்துக்கொள்கின்றன. ரியோக்காரருக்கோ அது பள்ளிகளின் போட்டி. எந்தப் பள்ளிக்கு எதில் பத்தில் ஒரு பங்கு மதிப்பெண் குறைந்தது என்று ஆண்டு முழுக்கச் சண்டை போடுவார்கள்.

சம்பா பள்ளி என்றால் ஒரு பேட்டையின் சங்கம். 1928இல் எஸ்டாசியோ பேட்டையில் தோன்றிய 'டெய்ஷா ஃபலார்' முன்னோடி. அதே ஆண்டு இசைக்கலைஞர் கார்ட்டோலாவும் கூட்டாளிகளும் தொடங்கிய மங்கேய்ராவின் நிறம் பச்சையும் இளஞ்சிவப்பும். நீலமும் வெள்ளையும் போட்டுக் கழுகோடு வந்தால் போர்ட்டெலா. 22 முறை பட்டம் வென்றது. 1932இல் பிராசா ஓன்சே சதுக்கத்தில் ஒரு விளையாட்டுப் பத்திரிகை நடத்திய போட்டிதான் முதலாவது. ஆஸ்கர் நீமாயர் வடிவமைத்த அணிவகுப்பு வீதியான சம்போட்ரோம் 1984இல் வந்தது.

ஒவ்வொரு பள்ளியின் பாணியும் தெரிய வேண்டுமானால் கண்ணை மூடிக் கேட்க வேண்டும். மற்ற பள்ளிகளில் 'சுர்தோ' என்னும் பெருமுரசு ஒன்று அடித்தால் இன்னொன்று பதில் சொல்லும். மங்கேய்ராவில் அந்தப் பதில் கிடையாது. ஒற்றை அடி விழும், அடுத்தது வெற்றிடம். மொசிடாடே பள்ளியின் மேளத் தலைவர் மேஸ்த்ரே ஆந்த்ரேயின் பெயரோ மேளத்தைச் சட்டென்று நிறுத்தும் உத்தியோடு சேர்ந்தது. பாட்டு மட்டும் ஓட, தாளம் தப்பாமல் மேளம் மறுபடி வந்து விழ வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் ஊரே அறியும்.

நடுவர்கள் மேளம், பாட்டு, கதை, உடை, தேர் என்று தலைப்பு வாரியாகப் பத்துக்கு மதிப்பெண் போடுவார்கள். எனக்குப் பிடித்தது கொடி ஏந்தும் பெண்ணுக்கான கண்டிப்பு. அவள் சம்பா ஆடக்கூடாது, சுழல வேண்டும். அந்தச் சுழற்சியில் கொடித்துணி கம்பைச் சுற்றிவிட்டால் மதிப்பெண் போச்சு. துணைவருபவன் அவளுக்கும் கொடிக்கும் காவல். அகலப் பாவாடை அணிந்த பாயானா மூதாட்டியருக்குத் தனி மதிப்பெண் இல்லை. ஆனாலும் அவர்கள் இல்லாமல் எந்தப் பள்ளியும் வீதியில் இறங்க முடியாது. சம்பாவைத் தம் வீட்டில் வளர்த்த சியாட்டா போன்ற பாயியா மாநிலத்துப் பெண்களுக்குச் செய்யும் மரியாதை அது.

இந்த மதிப்பெண் தராசு எல்லாவற்றையும் நிறுத்துவிடாது. 1989இல் பெய்ஜா ஃப்ளோர் பள்ளியின் அணிவகுப்பு வடிவமைப்பாளர் ஜுவாசின்யோ டிரின்டா, பிச்சைக்கார இயேசுவைத் தேரில் நிறுத்தினார். திருச்சபை நீதிமன்றத்தில் தடை வாங்கியது. அவர் சிலையைக் கறுப்புப் பிளாஸ்டிக்கால் போர்த்தி, தடுத்தாலும் எங்களைக் காத்தருளும் என்ற பொருளில் ஒரு பதாகை கட்டி இழுத்து வந்தார். இரண்டாம் இடம்தான் கிடைத்தது. வென்றது, பிரேசில் குடியரசின் நூற்றாண்டைப் பாடிய இம்பெராட்ரிஸ் பள்ளி. அதன் பாட்டை இன்றும் ஊரே பாடுவதால் நடுவர்களை முழுக்கத் திட்டவும் வழியில்லை.