திறமை குதிரைக்கு, நஷ்டம் யாருக்கு?

ஒரு சின்னப் பரீட்சை வைக்கலாமா?

மூன்று பேர். மூன்று பேர் பாக்கெட்டிலும் அன்றைக்கு வாங்கிய சம்பளம். முதல் ஆள் புளியமரத்தடியில் துண்டை விரித்து மூணு சீட்டு ஆடுகிறார். இரண்டாவது ஆள் கிளப்பில் உட்கார்ந்து காசு வைத்து ரம்மி ஆடுகிறார். மூன்றாவது ஆள் ரேஸ் கோர்ஸ் கவுன்ட்டரில் க்யூவில் நின்று, பெயரை மட்டும் கேள்விப்பட்ட ஒரு குதிரை மேல் பணம் கட்டுகிறார். சாயங்காலம் மூன்று பேரும் வெறுங்கையோடு வீட்டுக்குப் போகிறார்கள். இதில் சூதாடி யார்?

"மூணு பேரும்தான்" என்பார் வீட்டில் அரிசிக்குக் காத்திருக்கும் அம்மா. சட்டம் அப்படிச் சொல்லாது. முதல் ஆள் மட்டும்தான் சூதாடி. மற்ற இரண்டு பேரும் திறமைசாலிகள்!

கிண்டல் இல்லை. நம் மாநிலத்தில் சூதாட்டத்தைத் தடுக்கும் சட்டங்கள் வெள்ளைக்காரன் போட்டவை. சென்னை நகரக் காவல் சட்டம் 1888-ல் வந்தது. மற்ற ஊர்களுக்கான சூதாட்டச் சட்டம் 1930-ல் வந்தது. இரண்டிலும் திறமை சார்ந்த ஆட்டங்களுக்கு விலக்கு உண்டு. எது திறமை, எது அதிர்ஷ்டம்? அதற்குத்தான் இத்தனை வருடமாகக் கோர்ட்டில் மல்லுக்கட்டு. 1968-ல் ஓர் ஆந்திர வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: ரம்மியில் விழுந்த சீட்டை ஞாபகம் வைக்க வேண்டும், எதை வைத்துக்கொள்வது, எதை இறக்குவது என்று யோசிக்க வேண்டும், ஆகவே அது பெரும்பாலும் திறமை. மூணு சீட்டு முழுக்க அதிர்ஷ்டம். 1996-ல் லட்சுமணன் வழக்கில் குதிரைப் பந்தயமும் திறமைப் பட்டியலில் சேர்ந்தது. குதிரையின் ஆற்றல், அதற்குக் கொடுத்த பயிற்சி, ஜாக்கியின் சாமர்த்தியம், பணம் கட்டுகிறவரின் கணிப்பு எல்லாம் சேர்ந்துதான் முடிவைத் தீர்மானிக்கின்றன என்றது நீதிமன்றம்.

அந்த வழக்குக்குப் பின்னால் இருக்கும் கதை அதைவிட சுவாரஸ்யம். குதிரைப் பந்தயத்துக்குச் சட்டத்தில் இருந்த சலுகையை நீக்கி 1949-லேயே சென்னை மாகாண சட்டசபை ஒரு திருத்தம் கொண்டுவந்தது. ஆனால், அமலுக்குக் கொண்டுவரவில்லை. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் அது அலமாரியில் தூங்கியது. 1974-ல் கருணாநிதி அரசு, குதிரைப் பந்தயம் சூதாட்டம்தான், ஒழிக்கிறோம் என்று தனிச் சட்டமே போட்டது. அப்போதுதான், 1975-ல், அந்தப் பழைய திருத்தத்துக்கும் உயிர் வந்தது. கேஸ் போட்டார்கள். குதிரைகள் ஓடிக்கொண்டே இருந்தன. 1986-ல் எம்.ஜி.ஆர். அரசு இன்னொரு சட்டம் போட்டது. இந்த முறை ஒழிப்பதற்கு இல்லை. மெட்ராஸ் ரேஸ் கிளப்பை அரசே எடுத்துக்கொள்வதற்கு! ஒழிக்க வேண்டிய சூதாட்டம் என்று சொன்ன அதே அரசாங்கம், பன்னிரண்டு வருடம் கழித்து, கொடு, நானே நடத்துகிறேன் என்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லையே என்று உச்ச நீதிமன்றமே சுட்டிக்காட்டி, 1986 சட்டத்தைச் செல்லாது என்றது.

2024 செப்டம்பரில் கிண்டி ரேஸ் கோர்ஸ் குத்தகையை அரசு ரத்து செய்தது. சூதாட்டம் என்பதற்காக இல்லைங்க, வாடகை பாக்கிக்காக. 160 ஏக்கரை, வருடத்துக்கு 614 ரூபாய் சொச்சம் வாடகைக்கு, 99 வருடக் குத்தகையாக 1946-லிருந்து கொடுத்திருந்தார்கள். வாடகையை உயர்த்தியதில் வந்த பாக்கி 730 கோடி ரூபாய். நிலம் மக்களுடையது, திரும்பக் கேட்டது நியாயம்தான். ஆனால், அங்கே போய்த் தோற்றவர்களின் பாக்கியை யார் கணக்கெடுத்தார்கள்?

திறமை விஷயத்துக்கு வருவோம். குதிரைக்குத் திறமை உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஜாக்கிக்கு உண்டு. விடியற்காலையில் எழுந்து குதிரையை ஓட்டிப் பழக்கும் டிரெய்னருக்கு உண்டு. க்யூவில் நிற்கிறவருக்கு?

சரி, அவருக்கும் உண்டு என்றே வைத்துக்கொள்வோம். ரேஸில் "டோட்" என்று ஒரு முறை உண்டு. எல்லோரும் கட்டும் பணம் ஒரே உண்டியலில் விழும். கிளப் கமிஷனும் வரியும் எடுத்துக்கொண்டு, மீதியை ஜெயித்தவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். ஆயிரம் பேர் ஆளுக்கு நூறு ரூபாய் கட்டினால் ஒரு லட்சம். ஒரு பேச்சுக்கு, அதில் இருபத்தைந்தாயிரம் கமிஷன், வரி என்று போய்விட்டால் மிச்சம் எழுபத்தைந்தாயிரம். அந்த ஆயிரம் பேரும் குதிரை சாஸ்திரத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர்களாக இருந்தாலும், அவர்களுக்குள் பிரிக்க இருப்பது எழுபத்தைந்தாயிரம்தான். யார் பணம் யாருக்குப் போகிறது என்பதைத்தான் திறமையால் மாற்ற முடியும். மொத்தக் கூட்டமும் தோற்பதை மாற்ற முடியாது. தினமும் தோற்கிற கூட்டத்தில் ஒருவராக இருக்கத் திறமை எதற்கு, சொல்லுங்கள்.

இது அரசாங்கத்துக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். வரி போடும்போது பாருங்கள். 2023 அக்டோபரில் ஜி.எஸ்.டி.யில் ஆன்லைன் பண ஆட்டம், கசினோ, குதிரைப் பந்தயம் மூன்றையும் ஒரே கூடையில் போட்டு, கட்டும் முழுப் பணத்துக்கும் 28 சதவிகிதம் என்றார்கள். 2025 செப்டம்பரில் அது 40 ஆனது. கேஸ் என்று வந்தால் குதிரை செஸ் போர்டு பக்கத்தில் போய் நிற்கிறது. வரி என்று வந்தால் கசினோ பக்கத்தில் வந்து நிற்கிறது. கெட்டிக்காரக் குதிரைதான்!

இந்த இரட்டை நாக்கு நமக்கு மட்டும் சொந்தமில்லை. கோவாவில் 1976-ம் வருடச் சூதாட்டச் சட்டத்தைத் தொண்ணூறுகளில் திருத்தி, ஐந்து நட்சத்திர ஹோட்டல்களில் சூதாட்ட மெஷின்களையும், பிறகு கப்பலில் கசினோவையும் அனுமதித்தார்கள். மாண்டோவி ஆற்றில் விளக்குப் போட்டு நிற்கிற கப்பல்களைச் சுற்றுலா போனவர்கள் பார்த்திருப்பீர்கள். 2020 பிப்ரவரியிலிருந்து கோவாக்காரர்கள் அந்தக் கசினோக்களில் ஆடப் போகக்கூடாது என்று தடை. அதாவது, இது குடும்பத்தைக் கெடுக்கும், என் பிள்ளைக்கு வேண்டாம், உன் பிள்ளை வரட்டும்! இதைவிட வெளிப்படையாக ஓர் அரசாங்கம் ஒப்புக்கொள்ள முடியாது.

"அப்போ எல்லாத்தையும் ஒரேயடியாத் தடை பண்ணிட வேண்டியதுதானே?" என்று நீங்கள் கேட்கலாம். செய்து பார்த்தோமே. 1968-ல் அரசே லாட்டரி விற்றது. "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு" என்று அதற்கு விளக்கமும் சொன்னது. 2003-ல் ஜெயலலிதா அரசு எல்லா லாட்டரியையும் தடை செய்தது. நல்ல காரியம். தெருவுக்கு நாலு கடை என்பது ஒழிந்தது. ஆனால் மூணு நம்பர் லாட்டரி துண்டுச் சீட்டில் திருட்டுத்தனமாக உயிரோடு இருக்கிறது. பார்டர் தாண்டினால் கேரள அரசே விற்கிறது. தடை பாதி வேலைதான் செய்யும். மீதி வேலைக்கு வேறு கேள்வி வேண்டும்.

அந்தக் கேள்வி மிகவும் சாதாரணமானது. திறமையா, அதிர்ஷ்டமா என்று கேட்காதீர்கள். யார் தோற்கிறார்கள், எவ்வளவு, எவ்வளவு வேகமாக என்று கேளுங்கள்.

ஆன்லைன் ரம்மியில் நம் மாநிலம் ரொம்ப நாள் திறமைப் பாட்டையே பாடிக்கொண்டிருந்தது. 2021-ல் போட்ட தடையை சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பிறகு வந்த அடுத்த சட்டத்தில், ரம்மியைத் தடை செய்த பகுதியை 2023 நவம்பரில் நீதிமன்றம் மறுபடி நீக்கியது. ஆனால் ஒரு வழியைத் திறந்து வைத்தது: தடை செய்ய முடியாது, ஒழுங்குபடுத்தலாம். 2025-ல் விதிகள் வந்தன. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள் ஆடக்கூடாது. ஆதார் வேண்டும். நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆட்டம் கிடையாது. அந்த வருடம் ஜூனில் உயர் நீதிமன்றமும் இதைச் சரி என்றது. கவனியுங்கள், இந்த விதிகளில் எதுவும் ஆடுகிறவரின் திறமையை விசாரிக்கவில்லை. அவருடைய வயதையும் தூக்கத்தையும் விசாரித்தது. இரண்டு மாதம் கழித்து நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டு, திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் எதுவுமே கூடாது என்றது. அதை எதிர்த்தும் வழக்குகள் போட்டார்கள். முழுத் தடை சரியா என்று வாதாடலாம். ஆனால் திறமை என்ற அந்தப் பழைய தராசைத் தூக்கிப் போட்டது சரி.

சிங்கப்பூரில் 2010-ல் கசினோ திறந்தார்கள். உள்ளூர்க்காரர் உள்ளே போக ஒரு நாளைக்கு 100 வெள்ளி கட்ட வேண்டும். 2019-ல் அது 150 ஆனது. அதைவிட முக்கியம், குடும்பத்தில் ஒருவர் சூதாட்டத்தால் சீரழிகிறார் என்றால், அவரை உள்ளே விடாதே என்று மனைவியோ மகனோ மனு கொடுக்கலாம். பணம் இழக்கிறவர் வீட்டுக்கும் சட்டத்தில் ஒரு வாசல் இருக்கிறது.

நம் ஊரில் அந்த வாசல் எங்கே? செல்போனில் ஆடுகிறவருக்கு ராத்திரி நேரத் தடை போடத் தெரிந்த அரசாங்கம், ரேஸில் பணம் கட்டுகிறவருக்கும் ஒரு நாள் உச்சவரம்பு வைக்கக் கூடாதா? இவருக்கு டிக்கெட் கொடுக்காதே என்று வீட்டுக்காரி சொன்னால் அது செல்லும் என்று ஒரு வரி எழுதக் கூடாதா? லாயத்தில் வேலை பார்ப்பவர்கள் வயிற்றில் அடிக்காமலே இதைச் செய்யலாம்.

சட்டம் இத்தனை வருடம் குதிரையையே பார்த்துக்கொண்டிருந்தது. இனியாவது க்யூவில் நிற்கும் ஆளின் பாக்கெட்டைக் கொஞ்சம் பார்க்கட்டும். அதில் இருப்பது அவர் சம்பளம் மட்டும் இல்லை, அவர் பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸும்தான்.