'வொர்க்கஹாலிக்' என்னும் சொல்லின் பிறப்பு

இரு சொற்களைக் குறைத்து ஒன்றாக ஒட்டிய ஆங்கிலச் சொற்களை மரூஉ எனக் கூறிச் செல்லும் வழக்கம் மாணவர் கட்டுரைகளிற் காணப்படுகின்றது. அது பொருந்தாது. சோழநாடு 'சோணாடு' ஆயது வழங்குவோர் நாவில் நாளடைவில் திரிந்தமையாலாம்; அதனை ஆக்கினார் இன்னாரெனச் சுட்டல் இயலாது. கலப்புச்சொல்லோ ஒருவர் கருதிப் புனைவது. லூயிஸ் கரோல் 1871-இல் வெளிவந்த தம் கதைநூலில் அதனை இருபாதியாகத் திறக்கும் பயணப்பெட்டிக்கு ஒப்பிட்டமை பலரும் அறிந்தது.

'வொர்க்கஹாலிக்' என்பது வேலையை விட்டிருக்க ஒண்ணாதவரைக் குறிக்கும். அமெரிக்கரான வேன் ஓட்ஸ் 1971-இல் வெளியிட்ட நூலின் தலைப்பால் அது பரவிற்று. 'வொர்க்', 'ஆல்கஹாலிக்' என்பன அதன் உறுப்புகள். பின்னதன் வரலாறு சுவையுடையது. அரபு மொழியில் 'குஹ்ல்' என்பது கண்ணுக்கிடும் மை. 'அல்' என்பது பெயர்க்கு முன் வரும் சுட்டு. மைப்பொடியைக் குறித்த அச்சொல் இலத்தீன் வழியே ஐரோப்பா புகுந்து, நுண்பொடிக்கும், பின்னர் வடித்தெடுத்த சாரத்திற்கும், இறுதியில் மதுச்சாரத்திற்கும் பெயராயிற்று. ஆகலின் அதனை அல் + கஹால் + இக் எனப் பகுத்தலே முறை. 'அஹாலிக்' எனப் பிரிப்பின் பகுதியின் முதலொலியாகிய ககரம் அறுபடும். பதவியல் பயின்றார் இவ்வெட்டைக் கண்டு முகஞ்சுளிப்பர்.

ஆயின் ககரம் உண்மையிற் கெட்டதோ எனின், கெடவில்லை என்க. 'வொர்க்' என்பதன் ஈறும் ககரமே. அஃது ஒன்றே முன்சொற்கு ஈறாகவும் பின்சொற்கு முதலாகவும் நிற்கின்றது. சாக்கலேட்டில் பெருவிருப்புடையாரைச் சுட்டும் 'சாக்கஹாலிக்' என்பதற்கும் இஃது ஒக்கும். 'ஷாப்பஹாலிக்' என்பதோ வேறு. பொருள் வாங்குதலிற் கட்டுண்டாரைக் குறிக்கும் அச்சொல்லில் 'ஷாப்' பகர ஈறாதலின் பொதுவொலி இல்லை. மதுவை நினையாதாரும் அதன் பொருளை உணர்வர். ஈண்டு 'அஹாலிக்' விகுதியே ஆகிவிட்டது. இவ்விரண்டனையும் கலப்பு என ஒரே பட்டியலில் அடைப்பது கொள்ளத்தக்கதன்று.

'ஹாம்பர்கர்' என்பதும் இத்தகையதே. ஹாம்பர்க் என்னும் நகர்ப்பெயரோடு 'அர்' விகுதி சேர்ந்த அச்சொல்லில் 'பர்கர்' எனத் தவறாகப் பிரித்து, 'சீஸ்பர்கர்' எனவும் வழங்கினர். ஜெர்மன் மொழியில் கோட்டையைக் குறித்த 'பர்க்' உணவாயிற்று!

நம்மவர் 'பணிப்பித்தர்' என மொழிபெயர்ப்பது கலப்பன்று, தொகை. அதன்கண் உறுப்பிரண்டும் சிதையாது நிற்கின்றன. கலப்பைக் கலப்பாகவே பெயர்த்தல் வேண்டுமென வற்புறுத்துவோர், 'ஷாப்பஹாலிக்' என்பதில் கலப்பு யாண்டுளது என முதற்கண் காட்டுதல் வேண்டும்.