நிமிடத்தின் விலை

சீனத்து இணைய நிறுவனங்கள் ஒன்றையொன்று வீழ்த்தப் பொருதுகின்றன. 2025இல் ஜேடி உணவு விநியோகத்தில் இறங்கவும், மெய்துவானும் அலிபாபாவும் தள்ளுபடிகளை வாரியிறைத்து எதிர்த்தன. இத்தகைய போட்டிக்கு உண்மையில் விலை கொடுப்பவர் யார்?

பெய்ஜிங்கில் வீடுவீடாகப் பொதி கொண்டுசென்ற ஹூ ஆன்யான் 2023இல் வெளியிட்ட தன்வரலாற்று நூல் விடை பகர்கிறது. தம் ஒரு நிமிடத்தின் மதிப்பு அரை யுவான் என்று அவர் கணக்கிடுகிறார். சிறுநீர் கழிப்பதும் நட்டமென நீரருந்துவதைக் குறைக்கிறார். முழக்கம் எதுவுமில்லை, கணக்கே கண்டனமாகிறது.

கொழுந்தின் எடை குறைந்தால் 'அரைப்பேர்' பெறும் பசறைத் தோட்டத் தொழிலாளிக்கு இக்கணக்கு அந்நியமன்று. ஆயினும் ஹூ தனித்தே கணக்கிட்டார். அந்தத் தனிமையே நூலின் எல்லை. நம் எழுத்தாளர், தராசின்முன் நிற்கும் வரிசை முழுவதையும் எழுதட்டும்.